மருந்து அடிக்கும் வேலையும் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா மாவட்டங்களில் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களுக்கு உடல்நலம் குறித்துப் பேசப் போகும்போதெல்லாம், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் புற்றுநோயில்தான் வந்து நிற்கிறது. கூலிக்கு மருந்து அடிப்பவர்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும் படிக்கும் பிள்ளைகளும் கேட்டவற்றை, அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

மருந்து அடிச்சா கேன்சர் வருமா வராதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. அடிப்பவர் எல்லாருக்கும் வருவதில்லை. பூச்சிக்கொல்லியோடு வேலை செய்கிறவர்களிடம் சில குறிப்பிட்ட புற்றுநோய்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்ம், உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இலும் மீண்டும் 2021இலும் அறிக்கை வெளியிட்டது. தொழில்முறையில் பூச்சிக்கொல்லி படுவதற்கும் நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா, ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோய் ஆகிய மூன்றுக்கும் இடையே வலுவான தொடர்பு இருப்பதாகக் கருத இடமுண்டு என்று இரண்டு அறிக்கைகளும் கூறின.

“நாற்பது சதவீதம் கூடுகிறது” என்று செய்தியில் படித்தால், நூறு பேரில் நாற்பது பேருக்கு வந்துவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கணக்கு அப்படியல்ல. இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஐந்து பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது சதவீதம் கூடும்போது அது ஏழு பேர் ஆகிறது. அந்த இரண்டு பேரின் வீட்டுக்கு அது சிறிய எண் அல்ல. ஆனால் ஊரே அழிந்துவிடும் என்று அஞ்சவும் அதில் காரணம் இல்லை.

எந்தெந்த மருந்து கேன்சர் மருந்துன்னு பேர் சொல்லிடுங்க, அதை மட்டும் தொடாம இருந்துக்கறோம்.

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பொருள்களைச் சான்றின் வலுவைப் பொறுத்து வகைப்படுத்துகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை முதல் வகை. ஆர்சனிக் கலவைகளும், 2015இல் சேர்க்கப்பட்ட லிண்டேனும் இதில் அடங்கும். பெரும்பாலும் உண்டாக்கக்கூடியவை 2ஏ. மாலத்தியான், டயசினான், களைக்கொல்லியான கிளைபோசேட், டிடிடி ஆகியவை இதில் உள்ளன. உண்டாக்கலாம் என்ற ஐயமுள்ளவை 2பி; 2,4-டி, குளோரோதலோனில் போன்றவை அங்கே வருகின்றன. இந்த வகைகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றனவே தவிர, எது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை.

பெயரைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. கூலிக்கு அடிப்பவர் கையில் கொடுப்பதைத்தான் அடிக்கிறார். பல நேரம் டப்பாவைக்கூட அவர் பார்ப்பதில்லை. தவிர, பட்டியலில் இல்லாத மருந்து பாதுகாப்பானது என்று பொருளல்ல. பல மருந்துகள் இன்னும் ஆராயப்படவே இல்லை.

டப்பாவுல பச்சை கலர் போட்டிருந்தா பயமில்லதானே? சிவப்புதானே விஷம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எங்கு போனாலும் அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் கவனமாக இருப்பவர்கள்கூட இதில் ஏமாந்துபோகிறார்கள். நம் நாட்டில் பூச்சிக்கொல்லி டப்பாவின் மேல் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களில் ஒன்று பூசப்பட்டிருக்கும். ஒரே வேளையில் உடலுக்குள் போனால் எவ்வளவு அளவு கொல்லும் என்பதை விலங்குகளில் சோதித்து வகுத்த நிறங்கள் அவை. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையிலேயே சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்வது சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுவது பச்சை.

இருபது ஆண்டுகள் சிறிது சிறிதாகத் தோலில் பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த நிறம் பதில் சொல்வதே இல்லை. மேலே சொன்ன குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லி, விழுங்கினால் உடனே கொல்லும் திறனில் மிகக் குறைந்தது. ஆனாலும் அது 2பி வகையில் இருக்கிறது, அதன் ஒப்புதலைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் மறுத்துவிட்டது. நிறத்துக்குச் சொன்னதே நெடிக்கும் பொருந்தும். நெடி இல்லாத மருந்து என்பதற்காகக் கையை விட்டுக் கலக்கலாம் என்று ஆகிவிடாது.

அடிச்ச அன்னைக்குத் தலை சுத்துது, வாந்தி வருது. அதுதான் கேன்சரோட ஆரம்பமா?

இல்லை, அது உடனடி நஞ்சேற்றம். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை முடக்கிவிடுவதால் வாயில் நீர் ஊறும், வியர்த்துக் கொட்டும், பார்வை மங்கும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், மூச்சுத் திணறும். மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இவ்வகை நஞ்சேற்றத்தால்தான். அறிகுறி தெரிந்தவுடன் வேலையை நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். டப்பா இல்லாமல் போனால் மருத்துவர் எந்த நஞ்சுக்குச் சிகிச்சை அளிப்பது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். மோர் கொடுப்பதிலும் இளநீர் கொடுப்பதிலும் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

புற்றுநோய் இதற்கு நேர்மாறாக, பல ஆண்டுகள், சில சமயம் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வெளிப்படுவது. ஆகவே “எனக்குத் தலைசுற்றலே வந்ததில்லை, என் உடம்புக்கு ஒத்துப்போய்விட்டது” என்று சொல்பவருக்கு நீண்டகால ஆபத்து இல்லை என்று ஆகாது.

நான் மூக்குல துண்டு கட்டிக்கிட்டுதான் அடிக்கறேன். அது பத்தாதா?

போதாது. வயல்வேலையில் மருந்து உடலுக்குள் போகும் முதன்மையான வழி மூக்கு அல்ல, தோல். துண்டு பெரிய துளிகளைத் தடுக்கலாம். ஆனால் நனைந்த பிறகு அதுவே மருந்தில் தோய்ந்த துணியாகி, வாயையும் மூக்கையும் ஒட்டியபடி மணிக்கணக்கில் இருக்கிறது.

தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற மருந்தைக் கொண்டு மனிதர்களிடம் செய்து அமெரிக்காவில் 1971இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முன்கை உறிஞ்சியதைப் போல நெற்றி ஏறத்தாழ நான்கு மடங்கும், அக்குள் ஏழு மடங்கும், விரைப்பை கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கும் உறிஞ்சின. இப்போது முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்கை நினைத்துப் பாருங்கள். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், குனியும்போதெல்லாம் மருந்து தளும்பி முதுகுத்தண்டு வழியாக இறங்கி, இடுப்புத் துணியை நனைத்து, உடலிலேயே மிக அதிகமாக உறிஞ்சும் இடத்தில் போய்த் தேங்குகிறது. அந்த ஈரத்தோடேயே பகல் முழுக்க வேலை நடக்கிறது. சில ரூபாய் பெறுமானமுள்ள வாஷரை மாற்றாத டேங்கை ஒரு தொழிலாளியின் முதுகில் ஏற்றும் நிலக்காரர்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

கையுறை, கோட்டு எல்லாம் போட்டா வெயில்ல மயக்கம் வந்துடும். எங்களால முடியறதைச் சொல்லுங்க.

நியாயமான பேச்சு. சித்திரை வெயிலில் முழு ரப்பர் உடையை அணியச் சொல்பவர்கள் அதை அணிந்து ஒரு டேங்க் அடித்துப் பார்க்க வேண்டும். முழு உடை முடியாதபோது எதை விடவே கூடாது என்பதைச் சொல்கிறேன்.

கலக்கும் நேரம்தான் மிக மோசமானது, ஏனென்றால் அப்போது கையில் படுவது தண்ணீர் சேராத மருந்து. அந்தச் சில நிமிடங்களுக்கு ரப்பர் கையுறை போட முடியாது என்று யாரும் சொல்ல இயலாது. துணிக் கையுறை வேண்டாம், அது உறிஞ்சிவைத்துக்கொள்ளும். கலக்குவதற்குக் குச்சியைப் பயன்படுத்துங்கள். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை மூடும் பேண்ட்டும் போட்டு, முதுகுக்கும் டேங்குக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டால் மேலே சொன்ன கசிவு பெருமளவு தடுக்கப்படும். விடியற்காலையிலோ மாலையிலோ, காற்று உங்களிடமிருந்து பயிரை நோக்கி வீசும்படி பார்த்து அடியுங்கள்.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவது வயலில் அன்றாடம் காணும் காட்சி. இதை இன்றே நிறுத்துங்கள். ஒரு ஈர்க்குச்சியும் கொஞ்சம் தண்ணீரும் போதும். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் முன்பே, முடிந்தால் பம்ப்செட்டிலேயே, சோப்புப் போட்டுத் தலையோடு குளித்துவிடுங்கள்.

அடிக்கும்போது வெத்தலை, புகையிலை போட்டுக்கிட்டா நெடி தெரியாது. அதுல தப்பு இருக்கா?

இரட்டைத் தப்பு. மருந்து பட்ட கையால் மடித்த வெற்றிலை, மருந்தை நேராக வாய்க்குள் கொண்டுபோகிறது. புகையிலையோ தன்னளவிலேயே வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கு உறுதியான காரணம். அதன் ஆபத்து இங்கே பேசும் எந்த மருந்தின் ஆபத்தைவிடவும் பல மடங்கு பெரியது. மருந்தைப் பற்றி அஞ்சிக்கொண்டே பீடி பிடிப்பவரிடம் முதலில் பீடியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் மருந்து அடிக்கறதில்ல, களை எடுக்கத்தான் போறேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்லையே?

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. மருந்து அடித்த வயலில் ஈரம் காய்வதற்குள் இறங்கிக் களை எடுப்பவர்களின் கையும் காலும் இலையில் படிந்த மருந்தைத் துடைத்தெடுக்கின்றன. அடித்த எத்தனை நாள் கழித்து வயலில் இறங்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். டப்பாவோடு வரும் தாளில் பாருங்கள். குறைந்தது நன்றாகக் காயும் வரையாவது இறங்க மாட்டோம் என்று கூட்டாகச் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் அடுத்த நாள் வேலை வேறொருவருக்குப் போய்விடும். தண்ணீர் தூக்கிக் கொடுத்து டேங்க் நிரப்புவதும் வழக்கமாகப் பெண்களின் வேலை, அதிலும் தெறிப்பு உண்டு. கணவருடைய மருந்துச் சட்டையைக் கையால் துவைப்பது இன்னொரு வழி. அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு ஊற வைக்காமல், தனி வாளியில், கையுறையோடு, இரண்டு முறை துவையுங்கள்.

கருவுற்றிருப்பவர்கள் இந்த வேலைகள் எதையும் செய்ய வேண்டாம். தாய்க்குக் கருவுற்ற காலத்தில் பூச்சிக்கொல்லி படுவதற்கும் குழந்தைக்குப் பின்னாளில் இரத்தப் புற்றுநோய் வருவதற்கும் உள்ள தொடர்பை, முதல் பதிலில் சொன்ன இன்செர்ம் அறிக்கை வலுவானதாகவே மதிப்பிட்டது.

எங்க அப்பா பி.எச்.சி. பவுடரை வெறுங்கையால தூவினாரு, எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. இதுக்கு என்ன சொல்றீங்க?

உங்கள் தந்தை நல்லபடியாக வாழ்ந்ததில் மகிழ்ச்சி. வாய்ப்பு கூடுகிறது என்றால், பெரும்பாலானவர்களுக்கு வராது என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நோய் வந்து இறந்தவர்களின் பிள்ளைகள் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அந்தக் காலத்துப் பூச்சிக்கொல்லியான பி.எச்.சி. பவுடரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இருந்த வீரியமான பகுதியே லிண்டேன். இரண்டாம் பதிலில் முதல் வகையில் சேர்ந்ததாகச் சொன்ன அதே பொருள். இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் பல பருவங்கள் அதைத் தூவியவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் பதற வேண்டியதில்லை, ஆனால் கீழே சொல்லும் அறிகுறிகளில் எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

களைக்கொல்லியால கேன்சர்னு ஒருத்தர் சொல்றாரு, இல்லைன்னு ஒருத்தர் சொல்றாரு. கிளைபோசேட் விஷயத்துல யாரை நம்பறது?

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை 2ஏ வகையில் வைத்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புக் குறைவு என்றன. ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிடவில்லை. முதலாவது, இந்தப் பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறதா என்று கேட்கிறது. மற்றவை, அனுமதித்த அளவில் பயன்படுத்தினால் ஆபத்து எவ்வளவு என்று கேட்கின்றன. அவை எடுத்துக்கொண்ட ஆய்வுகளும் முழுக்க ஒன்றல்ல, நிறுவனங்களே செய்த ஆய்வுகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதிலும் வேறுபாடு உண்டு.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தெளிப்பாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு, லிம்போமாவோடு தெளிவான தொடர்பைக் காணவில்லை. 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா 41 சதவீதம் கூடியிருந்தது. என் முடிவு இது: எப்போதாவது ஒரு முறை அடிப்பவர் தூக்கம் கெட வேண்டியதில்லை, ஆனால் பருவம் முழுக்க நாள்தோறும் களைக்கொல்லி அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர், அது 2ஏ என்பதை நினைவில் வைத்துத் தோலைக் காத்துக்கொள்ள வேண்டும். கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. அதற்குப் பிறகும் யார் அடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

காசர்கோடு, பஞ்சாப் எல்லாம் டிவியில பாத்தோம். அங்க வந்தது இங்கேயும் வருமா?

இரண்டும் வேறு வேறு கதைகள். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அங்கே முதன்மையாகப் பேசப்பட்டவை பிறவிக் குறைபாடுகளும் நரம்பு, வளர்ச்சிப் பாதிப்புகளும். புற்றுநோய் அந்தப் பட்டியலின் ஒரு பகுதி மட்டுமே. உச்ச நீதிமன்றம் 2011இல் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது.

பஞ்சாபின் பருத்திப் பகுதியான மால்வாவிலிருந்து பிகானேர் புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளிகள் செல்லும் ரயிலைத்தான் “கேன்சர் ரயில்” என்கிறார்கள். மாநில அரசு வீடுவீடாக எடுத்து 2013இல் வெளியிட்ட கணக்கில், மாநிலச் சராசரி இலட்சம் பேருக்கு 90 ஆக இருக்க, மால்வாவைச் சேர்ந்த முக்த்சர் மாவட்டத்தில் 136 ஆக இருந்தது. பூச்சிக்கொல்லி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்பகுதி நிலத்தடி நீரில் யுரேனியம் போன்ற உலோகங்களும் இருப்பதால், பழியை முழுக்க ஒன்றின் மேல் போட முடியாது.

அமெரிக்காவுல விவசாயிங்களுக்கு மத்தவங்களைவிட கேன்சர் கம்மின்னு ஒரு ஆராய்ச்சி இருக்காமே?

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது இது. உண்மைதான். அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் சுமார் 89,000 பேரைப் பின்தொடரும் வேளாண் உடல்நல ஆய்வில், ஒட்டுமொத்தப் புற்றுநோய் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. காரணங்களில் பெரியது, அந்த விவசாயிகள் குறைவாகப் புகைக்கிறார்கள் என்பது. ஆகவே நுரையீரல் புற்றுநோய் குறைந்து, மொத்த எண்ணையும் கீழே இழுத்துவிடுகிறது. புரோஸ்டேட் புற்றுநோயும் சில இரத்தப் புற்றுநோய்களும் அதே ஆய்வில் கூடுதலாகவே இருந்தன. மேலும் அங்கே கணக்கில் வந்தவர்கள் உரிமம் பெற்று, பலரும் டிராக்டரில் அமர்ந்து அடிப்பவர்கள். கசியும் டேங்கை முதுகில் சுமப்பவருக்கு அவர்களின் எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

ரெண்டு மூணு மருந்தை ஒண்ணாக் கலந்து அடிக்கச் சொல்றாங்க. அப்ப ஆபத்தும் ரெண்டு மடங்கா?

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆய்வுகளில் பெரும்பாலானவை மருந்துகளைத் தனித்தனியாகப் பார்ப்பவை. வயலிலோ யாரும் ஒரே மருந்தோடு வாழ்வதில்லை. இதனால்தான் பன்னாட்டு முகமை 1991இலேயே, எந்த மருந்து என்று பிரிக்காமல், பூச்சிக்கொல்லி தெளிக்கும் தொழிலையே 2ஏ வகையில் வைத்தது. கடைக்காரர் சொல்லும் கலவை பெரும்பாலும் பூச்சிக்கும் தேவையற்றது. வேளாண் உதவி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டால் செலவும் குறையும்.

ரத்தம் டெஸ்ட் பண்ணா உடம்புல மருந்து ஏறியிருக்கா, கேன்சர் வருமான்னு தெரியுமா?

கோலினெஸ்டிரேஸ் பரிசோதனை அண்மையில் ஆர்கனோபாஸ்பேட் படிந்ததைக் காட்டும். புற்றுநோய் வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள்.

அப்ப எதைப் பாத்து டாக்டர்கிட்ட போகணும்?

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி வந்து இரண்டு மூன்று வாரத்தில் கரையாமல் இருந்தால். காரணமில்லாமல் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, ஆறு மாதத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது என்று இருந்தால். முதுகெலும்பிலோ விலாவிலோ விடாத வலியும் சோகையும் சேர்ந்து வந்தால். ஈறிலிருந்தோ தோலடியிலோ இரத்தம் கசிந்தால். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைபட்டால் காட்டுங்கள். இவற்றில் பலவும் சாதாரண நோயாகவே முடியும். நம் பகுதியில் அக்குள் கட்டி என்றால் காசநோயாகவும் இருக்கலாம், அதற்கும் மருந்து இருக்கிறது. வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் முன்கூட்டிப் பரிசோதனை செய்கிறார்கள். மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதைச் செய்துகொள்ளுங்கள்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் “இத்தனை வருடம் மருந்து அடித்திருக்கிறேன்” என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். “கூலி” என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நோய் வந்துட்டா நஷ்டஈடு யார் குடுப்பாங்க? அடிக்கச் சொன்னவங்களா, கம்பெனியா?

பிரான்சில் விவசாய வேலையால் வந்த ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா 2015 முதலும், புரோஸ்டேட் புற்றுநோய் 2021 முதலும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. குறிப்பிட்ட ஆண்டுகள் அந்த வேலையைச் செய்ததைக் காட்டினால் போதும், எந்த மருந்து காரணம் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கே விவசாயக் கூலிக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடையையும் மருத்துவப் பரிசோதனையையும் பற்றிப் பேசுகின்றன. தினக்கூலிக்கு அடிப்பவரை அப்படி யாராவது பரிசோதித்து நான் பார்த்ததில்லை. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே வாங்கிவையுங்கள்.

இழப்பீடு கேட்கும் நாள் வந்தால் கையில் ஆதாரம் வேண்டும். எந்தத் தேதியில், யாருடைய வயலில், என்ன மருந்து, எத்தனை டேங்க் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அல்லது டப்பாவின் லேபிளை செல்போனில் படம் எடுத்துவையுங்கள். டேங்க் கணக்குக்குக் கூலி வாங்குபவர்கள் எண்ணிக்கையை எப்படியும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதோடு மருந்தின் பெயரையும் சேர்த்துக்கொள்வதுதான் வேலை.

இனிமே ட்ரோன்தான் அடிக்கும்னு சொல்றாங்களே, எங்களுக்கு இந்தத் தொல்லை தீர்ந்துடுமா?

முதுகில் கசியும் டேங்க் இல்லாமல் போவது பெரிய ஆறுதல்தான். ஆனால் ட்ரோன் குறைந்த தண்ணீரில் அடிப்பதால் கலவை பல மடங்கு அடர்த்தியானது, அதைக் கலந்து நிரப்புபவர் இன்னும் மனிதர்தான். நுண்ணிய துளிகள் காற்றில் பக்கத்து வயலுக்கும் போகும். அங்கே களை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதை ட்ரோன் வாடகைக்கு எடுப்பவர்களிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.